டாக்டரம்மாவுக்கு வைத்த எலுமிச்சம்பழம்

குறி கேட்கப் போகிற பெண்கள் செல்லாயியைத் துணைக்குக் கூப்பிடுவார்கள். வழித்துணைக்கு இல்லை, வாய்க்குக் காவலாக.

நாமகிரிப்பேட்டைப் பக்கம் அந்தக் காலத்தில் குறி கேட்பதற்கு ஒரு முறை உண்டு. குறி சொல்கிறவர் முன்னால் எலுமிச்சம்பழமும் வெற்றிலையும் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். என்ன கஷ்டத்துக்காக வந்திருக்கிறோம் என்பதை அவரேதான் சொல்ல வேண்டும். நாமே சொல்லிவிட்டால் அப்புறம் அவர் எதற்கு? ஆனால் கஷ்டத்தோடு போகிறவளுக்கு வாய் எங்கே நிற்கிறது. "ஊட்டுல யாருக்கோ மேலுக்குச் சொகமில்ல" என்று அவர் பொதுவாக ஒன்றைப் போட்டுப் பார்த்தால் போதும், "ஆமாஞ் சாமி, எம் மாமியாளுக்குத்தானுங், எடது காலுங்" என்று கொட்டிவிடுவார்கள். அவரும் கண்ணை மூடிக்கொண்டு இடது காலைப் பற்றி அரை மணி நேரம் சொல்லுவார். செல்லாயி பக்கத்தில் இருந்தால் அந்தப் பருப்பு வேகாது. வாய் திறக்கிற நேரம் பார்த்துத் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழும். பக்கத்துத் தோட்டத்துப் பெரியநாயகி ஒருமுறை அவளோடு போய்விட்டு வந்து நாலு நாள் சம்மணம் போட்டு உட்கார முடியாமல் இருந்தாள்.

செல்லாயி தனக்காகவும் நாலு முறை போயிருந்தாள். கல்யாணமாகிப் பதினாலு வருஷம் குழந்தை இல்லை. நாலு பேரில் ஒருவர்கூட அதைக் கண்டுபிடிக்கவில்லை. ஒருவர் பங்காளிச் சண்டை என்றார். இன்னொருவர் மாடு காணாமல் போய்விட்டது என்றார். "மாடு கட்டுத்தறீலதான் நிக்குது" என்று சொல்லி, வைத்த எலுமிச்சம்பழத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு எழுந்து வந்தவள் அவள்.

யாரையும் கேட்காத ஒரு வருஷத்தில், எண்பத்தொன்று சித்திரையில், குழந்தை தானாக வந்து பிறந்தது. பெண். புருஷனுடைய அம்மா பெயரையே பொன்னாத்தாள் என்று வைத்தார்கள். செல்லாயிக்கு அப்போது முப்பத்தைந்து வயசு.

புருஷன் சென்னியப்பன் அதிகம் பேசாத மனுஷன். நாலு ஏக்கரில் மஞ்சளும் குச்சிக்கிழங்கும் போட்டிருந்தார். தோட்டத்துக்குள்ளேயே வீடு. பின்கதவைத் திறந்தால் பத்தடியில் கிணறு. மோட்டார் தண்ணீர் எடுக்காமல் நின்றால், கயிற்றைக் கட்டிக்கொண்டு கிணற்றுக்குள் இறங்குகிறது செல்லாயிதான். சென்னியப்பனுக்குத் தலை சுற்றும். அவர் மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "கயித்தப் புடிக்கறீங்களா, கனாக் காங்கறீங்களா?" என்று அவள் உள்ளே இருந்து திட்டுவது கிணற்றுச் சுவரில் மோதி இரண்டு மடங்காக மேலே வரும். அவருக்கு அது பிடிக்கும். ஒருமுறை குழாயின் அடிவாயில் தவளை ஒன்று சிக்கிக்கொண்டது. அதைப் பிடுங்கித் தண்ணீரிலேயே போட்டுவிட்டு வராமல், முந்தானையில் முடிந்து மேலே கொண்டுவந்து வாய்க்காலில் விட்டாள். "மறுக்கா வந்து சிக்கிக்குமுல்ல" என்றாள். பேச்சு முள்ளாக இருக்கும், கை அப்படி இருக்காது. அதுதான் செல்லாயி.

ஆவணி மாதம், குழந்தைக்கு நாலு மாதம் ஆகியிருந்தது. காலையில் மோட்டார் போடுவதற்கு முன்னால் எத்தனை தண்ணீர் ஊறியிருக்கிறது என்று எட்டிப் பார்ப்பது செல்லாயியின் வழக்கம். அன்றைக்கும் பார்த்தாள். இடுப்பில் குழந்தை இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று வந்தது. இந்தக் கையை இப்போது விட்டால்?

யாரும் சொன்ன மாதிரி இல்லை. குரல் எதுவும் கேட்கவில்லை. தன் கை தளர்வதும், குழந்தை போவதும், தண்ணீர் வளையம் வளையமாக விரிவதும் கண்ணுக்கு முன்னால் அப்படியே தெரிந்தது. செல்லாயி அங்கேயே உட்கார்ந்தாள். குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்து நகர்ந்து வீட்டுக்குள் வந்து பாயில் கிடத்தினாள். பிறகு ஆட்டுக் கொட்டாயில் போய் நின்றுகொண்டாள்.

அடுத்த நாள் கிணற்றுப் பக்கம் போகவில்லை. வீட்டுக்குள்ளேயே வந்தது. அரிவாள்மனையில் வெண்டைக்காய் நறுக்கும்போது தொட்டிலைப் பார்த்தாள், வந்தது. அப்புறம் தினமும் வந்தது.

பெற்றவளே இப்படி நினைப்பாளா? நினைத்தால் அவள் பெயர் என்ன? செல்லாயிக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது, ஆனால் தனக்குள்கூடச் சொல்லிப் பார்க்கவில்லை. நம்பத் தகாத மாட்டைத் தனியே கட்டுகிற மாதிரித் தன்னைத்தானே கட்டிவைத்தாள். குழந்தையோடு தனியாக இருக்க மாட்டாள். பால் கொடுக்கும்போது பின்கதவைத் தாழ்போட்டு, நடுவீட்டில் உட்கார்ந்து, பக்கத்தில் யாராவது இருக்கும்படி பார்த்துக்கொள்வாள். பால் குடித்து முடித்ததும் கொடுத்துவிட்டு எழுந்துவிடுவாள். காய் நறுக்கும் வேலையை நாத்தனாரிடம் விட்டாள். இடுப்பு வலி என்றாள், சளி என்றாள், காட்டில் களை கிடக்கிறது என்றாள்.

நாத்தனார் சௌந்திரம் சென்னியப்பனுக்கு மூத்தவள். ஓமலூரில் மகன் வீட்டில் இருந்தவள், பிரசவத்துக்கு வந்து அப்படியே தங்கிவிட்டாள். செல்லாயி அவளை நங்கையா என்று கூப்பிடுவாள். சௌந்திரத்துக்குக் குழந்தை என்றால் உயிர். காலை நீட்டி அதன்மேல் குழந்தையைப் போட்டு, எண்ணெய் தேய்த்து, சாம்பிராணி காட்டி, தினம் ஒரு மணி நேரம் தண்ணீர் ஊற்றுவாள். அந்த நேரத்தில் செல்லாயி வாசற்படிக்கு அந்தப் பக்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று பார்ப்பாள். கிட்டே வர மாட்டாள்.

சௌந்திரத்துக்கு வாய் சும்மா இருக்காது. "பதினாலு வருசம் ஏங்கிக் கெடந்து பெத்துப்போட்டு, தொட்டாத் தீட்டுங்கறாப்பல நிக்கறா. பொட்டப்புள்ளையாப் போச்சுன்னு வெசனமாட்ட இருக்குது" என்று ரைஸ் மில்லில் சொன்னாள், சந்தையில் சொன்னாள், மாரியாயி கோயிலில் பொங்கல் வைத்தபோதும் சொன்னாள். அது சுற்றிச் செல்லாயி காதுக்கும் வந்தது. அவள் இல்லை என்று சொல்லவில்லை. உண்மைக்கு அந்தப் பொய் எவ்வளவோ தேவலை என்று விட்டுவிட்டாள்.

அவள் யாரையும் திட்டுவதையும் விட்டுவிட்டாள். சென்னியப்பனுக்கு அதுதான் தாங்கவில்லை. ஒருநாள் வேண்டுமென்றே மஞ்சளுக்கு மடையை மாற்றிவிடாமல் தண்ணீரைத் தடத்தில் ஓடவிட்டு, வரப்பில் உட்கார்ந்து காத்திருந்தார். செல்லாயி வந்தாள், பார்த்தாள். மண்வெட்டியை எடுத்துத் தானே மடையைத் திருப்பிவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள்.

கார்த்திகையில் சௌந்திரம் முடிவாகச் சொன்னாள். "பொங்கல் நோம்பி கழிஞ்சதும் நானு ஓமலூருக்குப் போறேன். புள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போறேன். பசும்பாலு குடிக்கப் பழக்கியாச்சு. இஸ்கோல்ல சேத்தற வரைக்கும் அங்கயே வளரட்டும். இங்க யாருக்கு அது வேணும்?"

அப்படிச் சொன்னாலாவது செல்லாயி எகிறுவாள் என்று நினைத்தாள் போல. செல்லாயி அந்த ஓமலூர் வீட்டை நினைத்துப் பார்த்தாள். ஓமலூர் வீட்டில் குழாய்த் தண்ணீர். கிணறு கிடையாது.

"சரிங் நங்கையா" என்றாள்.

அந்தச் சரிங்கைக் கேட்டுத்தான் சென்னியப்பன் பயந்துபோனார். மறுவாரம் தடுப்பூசி போட நர்ஸம்மா வந்தபோது, ஊசி குத்தினதும் வீரிட்ட குழந்தையைச் சௌந்திரம்தான் மடியில் வைத்திருந்தாள். பெற்றவள் சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். நர்ஸம்மா கண்ணில் அது பட்டுவிட்டது. போகும்போது சென்னியப்பனைத் தனியாகக் கூப்பிட்டுச் சேலத்தில் ஒரு டாக்டரம்மா பெயரைச் சொன்னாள். "மனசுக்குப் பாக்கறவங்க. பைத்தியத்துக்குன்னு நெனச்சுக்காதீங்க. பேசியே சரி பண்ணுவாங்க."

சேலத்துக்குப் போகும் பஸ்ஸில் சென்னியப்பன் கேட்டார். "என்னன்னு கேட்டா என்ன புள்ள சொல்றது?"

"நீங்க ஒண்ணும் சொல்லக் கூடாது. நானும் சொல்ல மாட்டேன். அத்தன படிச்சவங்கதான? அவிகளே கண்டுபுடிக்கட்டும்."

மனதுக்குள் அவள் நினைத்தது வேறு. அந்த டாக்டரம்மா மட்டும் நிஜமாகவே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டால், தான் அதைத் தன் வாயால் சொல்ல வேண்டியிருக்காது. அவள் சொல்லுவாள், தான் தலையை ஆட்டிவிட்டால் போதும். அந்த ஒரே ஆசையில்தான் அவள் பஸ் ஏறினாள்.

டாக்டர் வஹீதுன்னிசாவுக்கு நாற்பது வயசு இருக்கும். செவ்வாய்ப்பேட்டையில் அவளுடைய அப்பா ரஹமத்துல்லா பாய் கயிற்றுக் கடை வைத்திருந்தார். கடைக்கு மேல் மாடியில் ஒரு அறை, இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு கடிகாரம். ஊசி இல்லை, மருந்து வாசனை இல்லை. சென்னியப்பன் கீழேயே கயிற்றுக் கடையில் உட்கார்ந்துவிட்டார்.

"சொல்லுங்கம்மா" என்றாள் டாக்டரம்மா.

"நீங்கதான் சொல்லோணும்" என்றாள் செல்லாயி.

டாக்டரம்மா அவசரப்படவில்லை. நோயாளி தானாகப் பேசும்வரை காத்திருக்க வேண்டும் என்று அவள் படித்திருந்தாள். செல்லாயி குறி கேட்கும் முறைப்படி வாயை இறுக மூடிக்கொண்டாள். இவளைப் பார்த்து அவள் உட்கார்ந்திருந்தாள், அவளைப் பார்த்து இவள் உட்கார்ந்திருந்தாள். கடிகாரம் மட்டும் பேசியது. குழந்தை எப்படி இருக்கிறது என்று நடுவில் ஒருமுறை டாக்டரம்மா கேட்டாள். நல்லா இருக்கறா என்று செல்லாயி சொன்னாள். முக்கால் மணி நேரம் போனது.

"அடுத்த வாரம் வாங்கம்மா" என்றாள் டாக்டரம்மா.

செல்லாயிக்கு அவள்மேல் மதிப்பு வந்துவிட்டது. முக்கால் மணி நேரம் ஒரு வார்த்தை பிடுங்கப் பார்க்காத ஆளை அவள் பார்த்ததே இல்லை. "கெட்டிக்காரி" என்றாள் பஸ்ஸில்.

"மருந்து?"

"கெடையாது."

"என்னதான் சொன்னாங்க?"

"இன்னும் சொல்லல." கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தவள் சட்டென்று திரும்பினாள். "ஏனுங், நாம வெறுங்கையோட போயிட்டம். எலுமிச்சம்பழம் வெக்கல, வெத்தல வெக்கல. அப்பறம் எப்பிடி அவிகளுக்குத் தெரியும்?"

அடுத்த வாரம் நல்ல மஞ்சளாக ஒரு எலுமிச்சம்பழமும் வெற்றிலையும் கொண்டுபோய் மேஜைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். டாக்டரம்மா பழத்தைப் பார்த்தாள், முகம் மலர்ந்தது. தோட்டத்திலிருந்து அன்பாகக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் இரண்டு டம்ளர் இருந்தது. பழத்தைப் பிழிந்து, சர்க்கரை போட்டு, கலக்கிக் கொண்டுவந்திருந்தாள்.

"வெயில்ல வந்திருக்கீங்க. குடிங்கம்மா."

குறிக்கு வைத்த பழத்தைப் பிழிந்து குடிக்கிற ஆளைச் செல்லாயி கேள்விப்பட்டதே இல்லை. "ஏனுங் டாக்டரம்மா, அதைய வெச்சுப் பாக்காமயே பிழிஞ்சுட்டீங்களே" என்று தன்னையறியாமல் கேட்டுவிட்டாள்.

"எதை வெச்சு என்ன பார்க்கணும்?"

வேறு வழியில்லாமல் குறி கேட்கும் முறையை முதலிலிருந்து கடைசிவரை, கிள்ளு உட்பட, செல்லாயி சொல்ல வேண்டியதாயிற்று. டாக்டரம்மா கேட்டுக்கொண்டே வந்தவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தாள். "நான் உங்க வாயைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். நீங்க என் வாயைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க." செல்லாயிக்கும் உதட்டோரம் கொஞ்சம் இளகியது.

"எனக்குக் குறி தெரியாதும்மா. நீங்க சொன்னாத்தான் எனக்குத் தெரியும்."

செல்லாயியின் உதடு மறுபடி இறுகிவிட்டது. அவள் நம்பி வந்தது அந்த ஒன்றுதான், அதுவும் போயிற்று. வேறு பேச்சுக்குத் தாவினாள். "இங்க வர்றவிகெல்லாம் எதுக்கு வருவாங்க?"

"ஒவ்வொருத்தரும் ஒண்ணுக்கு. ஒருத்தருக்குத் தூக்கம் வரணும். ஒருத்தருக்கு, அவர் சொல்ற பேச்சை அவர் சம்சாரம் கேக்கணும், அதுக்கு நான் அந்தம்மாவுக்கு வைத்தியம் பார்க்கணுமாம். ஒரு அம்மா மருமகளைக் கூட்டிட்டு வந்து, பைத்தியம்னு எழுதிக் குடுங்கன்னாங்க. இன்னொருத்தருக்கு ஒண்ணுமில்லைன்னு எழுதிக் குடுக்கணும். பாதிப் பேருக்கு, தான் இப்படியே இருக்கணும், மத்தவங்க மாறணும்." டாக்டரம்மா டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினாள். "உங்களுக்கு என்ன வேணும்?"

செல்லாயி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ற புள்ளைக்கு நானே தண்ணி ஊத்தோணுமுங்" என்றாள்.

அதற்குமேல் அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. வாயால் சொல்லிவிட்டால் நடந்துவிடும் என்று ஒரு பயம். மார்கழி முழுக்க வாரம் ஒருமுறை போனாள். மஞ்சள் காட்டைப் பற்றி, நங்கையாவைப் பற்றி, தவளையைப் பற்றியெல்லாம் பேசினாள். அதை மட்டும் சொல்லவில்லை. கீழே சென்னியப்பனும் ரஹமத்துல்லா பாயும் ரொம்ப வருஷத்துச் சிநேகிதர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். வாரம் ஒரு கயிறாவது கையில் இல்லாமல் அவர் வீடு திரும்பவில்லை.

பொங்கலுக்கு நாலு நாள் இருந்தது. வீட்டில் சௌந்திரம் குழந்தையின் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். தலைக்குப் போடும் சிவப்புக் குல்லாயை எடுத்து, "இது பத்தாது, ஓமலூர்ல வேற வாங்கிக்கறேன்" என்று பக்கத்தில் போட்டாள். செல்லாயி அந்தக் குல்லாயை எடுத்துக்கொண்டாள். சென்னியப்பனைக்கூடக் கூப்பிடாமல் பஸ் ஏறினாள்.

டாக்டரம்மா உட்காரச் சொல்வதற்குள் செல்லாயி சொன்னாள். "புள்ளையக் கெணத்துல போட்டுருவனோன்னு எனக்குப் பயமா இருக்குதுங்."

சொல்லிவிட்டு, கூரை விழுகிறதா என்று பார்க்கிற மாதிரி நின்றாள். ஒன்றும் விழவில்லை. கீழே கடையில் யாரோ இருபது முழம் கயிறு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

டாக்டரம்மா முகத்தில் மாற்றம் இல்லை. "எப்ப இருந்தும்மா?" என்றாள்.

"ஆவணியில இருந்துங்."

"தினமும் வருதா?"

"தெனமும் வரும். கத்தியப் பாத்தா வரும். கெணத்துப் பக்கம் வாசப்படி தாண்டுனா வரும்."

"வரும்போது நீங்க என்ன செய்வீங்க?"

"புள்ளையக் குடுத்துட்டு ஓடிப்போயிருவேன்."

"இந்த அஞ்சு மாசத்துல, ஒரே ஒரு தடவையாச்சும் கையைத் தளர்த்துனீங்களா?"

செல்லாயி நிமிர்ந்தாள். "என்ன பேச்சுப் பேசறீங்க நீங்க? நானு உடுவனா? படிச்சவிக கேக்கற கேள்வியா இது? என்ற உசுரே போனாலும் உடுவனா?"

ஆவணிக்கு அப்புறம் அவள் ஒருவரைத் திட்டுவது அதுதான் முதல் முறை. டாக்டரம்மா திட்டு முழுவதையும் வாங்கிக்கொண்டாள். "இதைத்தான் உங்க வாயாலயே கேக்கணும்னு இருந்தேன். செய்யறதுக்கு ஆசை இருக்கறவங்க அதை நெனச்சு நடுங்க மாட்டாங்க. புள்ளை மேல அவ்வளவு உசுரு இருக்கறதுனாலதான் உங்க மனசு எது ரொம்ப மோசமோ அதையே தேடி எடுத்துக் காட்டுது. புதுசாப் பெத்தவங்க நிறையப் பேருக்கு இது வரும்மா. யாரும் வெளியில சொல்றதில்ல, அவ்வளவுதான்."

செல்லாயி அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தாள். குல்லாயை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "சரிங், அதையப் புடுங்கி எறிஞ்சுருங்க" என்றாள், பல் டாக்டரிடம் வந்த மாதிரி.

"புடுங்க முடியாதும்மா. இன்னும் கொஞ்ச நாளைக்கு வரும். வந்தா ஓடாதீங்க. நீங்க ஓடறதுனாலதான் அது தொரத்துது. சண்டையும் போட வேண்டாம். வந்துட்டுப் போகட்டும்."

செல்லாயிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். இத்தனை தூரம் வந்து, இத்தனை அழுது, கடைசியில் அது வரத்தான் செய்யுமாம். யோசித்துப் பார்த்தாள். "கூப்புடாம வர்ற ஒரம்பரையாட்டங்களா?"

"அப்படின்னா?"

"சொந்தக்காரங்கள ஒரம்பரைம்போமுங். கூப்புடாமயே வந்து நிப்பாங்க. போன்னும் சொல்ல முடியாது. வாங்கன்னுட்டு நம்ம வேலையப் பாத்துக்கிட்டு இருந்தம்னா, செத்த நேரம் உக்காந்து பாத்துட்டு, எலை போட மாட்டாங்கன்னு தெரிஞ்சதும் எந்திருச்சுப் போயிருவாங்க."

டாக்டரம்மா அதை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டாள். "வீட்டுல ஒருத்தர்கிட்டயாவது சொல்லிருங்க" என்றாள். "எல்லாம் ஒரே நாள்ல செய்ய வேண்டாம். மெதுவாப் பார்த்துக்கலாம்."

மெதுவாகச் செய்ய நேரம் எங்கே இருந்தது. மறுநாள் காலையில் சௌந்திரம் தண்ணீர் ஊற்றுவதற்கு எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கும்போது செல்லாயி போய் அவள் எதிரில் உட்கார்ந்தாள். டாக்டரம்மாவிடம் தான் சொன்னதையும், டாக்டரம்மா தனக்குச் சொன்னதையும், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

சௌந்திரம் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். ஆத்திரப்படுவாள், குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு இன்றைக்கே பஸ் ஏறுவாள் என்று செல்லாயி எதிர்பார்த்தாள்.

"அடி ஆத்தா" என்றாள் சௌந்திரம் மெதுவாக. "இதுக்குத்தான் நீ தூக்காம நின்னயா? நானு பொட்டப்புள்ளைன்னு உனக்குப் புடிக்கலன்னு ஊரெல்லாம் சொல்லிப்போட்டனே. ரைஸ் மில்லுல சொன்னேன். சந்தையில சொன்னேன்."

"மாரியாயி கோயல்லயுஞ் சொன்னீங்க."

"தெரிஞ்சும் ஏம் புள்ள சும்மா இருந்த?"

"இதுக்கு அது பரவால்லன்னு இருந்தனுங்."

சௌந்திரம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போடி கிறுக்கி. கொழாயில சிக்குன தவளைய முந்தானையில முடிஞ்சுக்கிட்டு வந்தவ நீயி. நீ போடுவயா புள்ளைய? எந்திரி. காலை நீட்டு."

"இங்க வேண்டாமுங். கெணத்தோரம் தொட்டிகிட்ட உக்காந்துக்கறேன்."

"டாக்டரம்மா மெதுவான்னு சொன்னாங்கன்னயே."

"நோம்பிக்கு மூணு நாளுதான் இருக்குது. நீங்க அந்தப் பக்கம் நில்லுங்க. கிட்ட வர வேண்டாம்."

கிணற்றுக்கும் தொட்டிக்கும் நாலடி. செல்லாயி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சேலையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு காலை நீட்டி உட்கார்ந்தாள். எட்டு மாதக் குழந்தையைச் சௌந்திரம் அவள் காலில் குப்புறப் போட்டுவிட்டு நகர்ந்து நின்றாள். முதல் சொம்பு தண்ணீர் முதுகில் விழுந்ததும் குழந்தை தலையைத் தூக்கி அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. என்றைக்கும் வருகிற கை இல்லையே என்று பார்த்த மாதிரி இருந்தது.

இரண்டாவது சொம்பில் அது வந்தது. கை தளர்வதும், வளையம் வளையமாகத் தண்ணீரும். எழுந்து ஓடத்தான் கால் சொன்னது, ஆனால் காலின்மேல் குழந்தை கிடந்தது.

"வந்துட்டயா?" என்றாள் சத்தமாக. "அப்பிடி ஓரமா உக்காரு. எனக்கு வேல இருக்குது." மூன்றாவது சொம்பை எடுத்து ஊற்றினாள்.

"யாருகிட்டப் புள்ள பேசற?"

"ஒரம்பரை வந்திருக்குதுங் நங்கையா."

பாதித் தண்ணீர் குழந்தைமேலும் பாதி வெளியிலும் போனது. ஆனாலும் ஊற்றினாள். கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு எல்லாம் தேய்த்தாள். எவ்வளவு நேரம் அது உட்கார்ந்திருந்தது, எப்போது எழுந்து போனது என்று அவளுக்குத் தெரியாது. ஒரு வாளியில் வெந்நீர் எடுத்து வந்த சென்னியப்பன், காலில் குழந்தையோடு அவளைப் பார்த்து நடுவழியில் நின்றுவிட்டார். செல்லாயி தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தாள்.

"இது புள்ளைக்கு ஊத்தற தண்ணியா, கோழிய உரிக்கற தண்ணியா? உங்க கையென்ன மரக்கையா, சூடு தெரியறதில்ல? போயிப் பச்சத் தண்ணி கொண்டாங்க. சேலத்துல போயிக் கயிறு கயிறா வாங்கி அடுக்கத் தெரியுது."

சென்னியப்பன் பச்சைத் தண்ணீர் எடுக்க ஓடினார். திரும்பி வரும்போது வாயெல்லாம் பல்லாக வந்தார் என்று சௌந்திரம் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். பொங்கல் கழிந்து அவள் மட்டும் ஓமலூருக்குப் போனாள். போவதற்கு முன்னால் ரைஸ் மில்லுக்கும் சந்தைக்கும் கோயிலுக்கும் ஒரு நடை போய், தான் சொன்னதெல்லாம் பொய் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

ஒரே நாளில் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. செல்லாயி இன்னும் ஒரு வருஷம் செவ்வாய்ப்பேட்டை மாடிக்குப் போய் வந்தாள். ஒவ்வொரு முறையும் எலுமிச்சம்பழம் கொண்டுபோனாள், இருவரும் பிழிந்து குடித்தார்கள். பின்னால் பெரியநாயகிக்கு மகன் இறந்து பேச்சே நின்றுபோனபோது அவளையும் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டரம்மா முன்னால் பெரியநாயகி பழைய வழக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். தொடையில் நறுக்கென்று விழுந்தது. "இங்க சொல்லோணும் பெரியநாயகி. இவிகளுக்குக் குறியெல்லாம் தெரியாது" என்றாள் செல்லாயி.

எண்பத்தேழில், பொன்னாத்தாளுக்கு ஆறு வயசு ஆன கோடையில், அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரையும் போல அவளும் நீச்சல் பழக வேண்டியிருந்தது. மிதப்பதற்காக முதுகில் சுரைப்புருடையை, காய்ந்த சுரைக்காய்க் கூட்டை, கட்டிக் கிணற்றில் இறக்கிவிடுவதுதான் அங்கே முறை. சென்னியப்பன் சேலத்தில் வாங்கிக் குவித்த கயிற்றில் ஒன்றை எடுத்துச் செல்லாயியே புருடையைக் கட்டினாள். இருவருமாகப் படியில் இறங்கினார்கள். கடைசிப் படியில், தண்ணீர் காலைத் தொடுகிற இடத்தில், செல்லாயி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரொம்ப நாளாக வராத ஒரம்பரை அன்றைக்கு வந்திருந்தது. வந்தது வரட்டும் என்று விட்டுவிட்டாள். மேலே அந்தக் கயிற்றின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டு சென்னியப்பன் கண்ணை மூடியபடி நின்றார்.

"கையை உடும்மா" என்றாள் பொன்னாத்தாள். "நீ புடிச்சுக்கிட்டே இருந்தா நானு எப்பிடி நீந்தறது?"

"உடறஞ் சாமி" என்றாள் செல்லாயி. பிறகு தலையை நிமிர்த்தி மேலே பார்த்து, கிணறு முழுக்க எதிரொலிக்க, "கயித்தப் புடிக்கறீங்களா, கனாக் காங்கறீங்களா?" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, கையை விட்டாள்.